பிரித்துப் போட்ட பணம்

"விரலை மடக்கிக்குங்க மாமா" என்று முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிய சுகந்தி, நரம்பைத் தேடிக்கொண்டிருந்த விரலை எடுக்காமலே, "எங்கிட்ட ஒரு ஆறு லட்சம் சேர்ந்திருக்கு, எங்க போடலாம்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். அவர் வாய் திறப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது. வலிக்கவில்லை. அவள் கை அப்படி. அவளே எடுக்க வேண்டும் என்று வரிசையை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கிற கிழவர்கள் இந்தத் தில்லைநகரில் பத்துப் பேராவது இருப்பார்கள், அவர்களில் தானும் ஒருவர் என்று தெய்வநாயகம் நினைத்துக்கொண்டார். குழாயில் ஏறும் சொந்த ரத்தத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தார். அக்கா மகள். ஒரே மகள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்க்கரைப் பரிசோதனைக்கு இந்த லேபில் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கையை அவளிடம் நீட்டுகிறார், ஆறேழு வருஷமாக. அத்தை எப்படி இருக்காங்க, பரணி கனடாவிலேருந்து பேசினானா, கால் எரிச்சல் குறைஞ்சுதா என்று கேட்பாள். பணம் என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. அவள் அம்மா வாயிலிருந்தும் வந்ததில்லை, பதினேழு வருஷமாக. திருச்சியில் பாதிப் பேர் அவரிடம் கேட்கிற கேள்வி அது. கல்யாண வீட்டில், மாடிப்படியில், ஒருமுறை சுடுகாட்டில்கூட ஒருவர் தோளில் துண்டோடு வந்து, இப்போ எதுல போட்டா நல்லது சார் என்று கேட்டிருக்கிறார். இவள் கேட்டதில்லை. "சாப்பிட்டுட்டு வந்து சொல்றேம்மா" என்றார். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறார். "அவசரமே இல்ல மாமா. சாப்பிட ஆரம்பிச்ச நேரத்தைப் பார்த்து வச்சுக்குங்க, அதுலேருந்து ரெண்டு மணி நேரம்" என்று சொல்லிப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

எட்டு பத்து. மெஸ்ஸில் முதல் இட்லியை விள்ளும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். நான்கு என்று சொல்ல நினைத்து, மூன்று என்று சொல்லி, சட்னியில் தேங்காய் அதிகம் என்று அதை ஓரமாக ஒதுக்கினார். ஆறு லட்சம். இதற்குப் பதில் சொல்ல இரண்டு மணி நேரம் எதற்கு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரே. ஆறு லட்சமா, பிரிச்சுப் போடும்மா, பெரிய கம்பெனி பங்குகள்ல போடுற ஃபண்டு ஒண்ணு, கடன் பத்திரத்துல போடுறது ஒண்ணு, கொஞ்சம் தங்கம், கொஞ்சம் பேங்க், ஒண்ணு சரிஞ்சா இன்னொண்ணு தாங்கும். முப்பது வருஷமாகச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். முதலில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக, பிறகு மியூச்சுவல் ஃபண்டு ஆலோசகராக, அதற்குப் பிறகு வாரப் பத்திரிகையில் பொருளாதார நிலவரம் எழுதுகிறவராக. ஜனவரி வந்தால் ஏதாவதொரு சங்கம் கூப்பிடும், இந்த வருஷம் எப்படி இருக்கும் சார், ஒரு மணி நேரம் பேசுங்க. கச்சா எண்ணெய், மழை, அமெரிக்க வட்டி, சீனாவில் இரும்பு விலை, எல்லாவற்றையும் ஒரு கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, கைதட்டல் வாங்கி, சால்வையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தத் தேய்ந்த வாக்கியம் இப்போது இட்லியோடு தொண்டையில் நின்றது. ஏன் கேட்டாள்? சும்மாதான் கேட்டிருப்பாள். தாய்மாமன், தொழில் தெரிந்தவர், கேட்காமல் வேறு யாரைக் கேட்பாள். இல்லை, பார்க்கலாம் என்று கேட்டாளோ. இந்த ஆள் இந்தத் தடவை என்ன சொல்கிறார், பார்க்கலாம் என்று. அவள் முகம் எப்படி இருந்தது? அவர் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவும்போது கண்ணாடியில், வேட்டி சட்டையில் சாம்பார் தெறித்த ஒரு அறுபத்துநாலு வயது ஆள் ஈரக் கையை உதறிக்கொண்டிருந்தார். ஒன்பது லட்சம், அப்போது. ஒன்பது. அந்த எண்ணைத் தொட்டதும் மனம் சட்டென்று வேறு பக்கம் போனது. தண்ணீர் குழாய் சரியாக மூடவில்லை, சொட்டுகிறது, மெஸ்காரரிடம் சொல்ல வேண்டும். சொன்னார். மெஸ்காரர் தலையாட்டினார்.

மாடி ஏறி வந்தால் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. தொலைக்காட்சியில் ஒரு பெண் தங்கம் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள், கீழே எழுத்துகள் ஓடின, சத்தம் இல்லை. ஓரத்தில் ஒரு இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் தடித்த ஆள், நெற்றியில் திருநீறு, இவரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "சார் நீங்க பத்திரிகைல எழுதுறவருதானே? போட்டோ போடுவாங்களே" என்றார். ஆமாம் என்று சிரித்தார் தெய்வநாயகம், இந்தச் சிரிப்பு தானாக வரும். "துறையூர் சார். ரெண்டு லாரி ஓடுது. ஒரு முப்பது பவுன் கிடக்கு வீட்டுல. இப்ப வித்துறலாமா, இன்னும் ஏறுமா?" அவ்வளவுதான், கிணற்றில் வாளி விழுந்ததுபோல வார்த்தைகள் தடதடவென்று இறங்கின. "விக்காதீங்க. அமெரிக்கால வட்டியைக் குறைக்கிற பேச்சு இருக்கு, குறைச்சா டாலர் இறங்கும், டாலர் இறங்கினா தங்கம் ஏறும். சண்டை நடக்குற வரைக்கும் எந்த நாடும் தங்கத்தை வெளில விடாது. ஒரு வருஷம் கையை வைக்காம இருங்க." அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "நீங்க சொன்னாச் சரி சார். வேற எதாச்சும் பாத்துக்குறேன்" என்றார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார். எழுந்தபோதுதான் மடியிலிருந்து பெரிய ஸ்கேன் உறை ஒன்றைக் கையில் எடுத்தார், அதன்மேல் பேனாவால் ஒரு பெண் பெயர், வயது ஐம்பத்திரண்டு. வேற எதாச்சும் பாத்துக்குறேன். எதற்கு? எதற்கு அவருக்குப் பணம்? காலை எட்டரை மணிக்கு ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் நகையை விற்கலாமா என்று கேட்டால், ஏங்க, என்ன விஷயம், யாருக்கு உடம்புக்கு என்றல்லவா முதலில் கேட்க வேண்டும். தெரு நாய்க்குக்கூடத் தெரியும். இவர் டாலரைப் பற்றிச் சொன்னார். எழுந்து அந்த ஆள் போன கதவுப் பக்கம் போனார், உள்ளே விடமாட்டோம் என்றாள் வரவேற்பில் இருந்த பெண். ரிப்போர்ட் வாங்கத்தான் போனாங்க, பின்பக்கப் படியில இறங்கியிருப்பாங்க சார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாஸ்திரி ரோட்டில் எத்தனையோ தலைகள் போய்க்கொண்டிருந்தன, எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

திரும்பி வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஒன்பது லட்சம், சரி, வா, அதையே நினைப்போம், யார் வேண்டாம் என்றது. இரண்டாயிரத்து எட்டு, ஜனவரி முதல் வாரம். அத்தான் போய் ஐந்து மாதம். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், மஞ்சள் காமாலை, பதினெட்டு நாளில் முடிந்துவிட்டது. ஆபீசிலிருந்து வந்த மொத்தப் பணத்தையும் அக்கா அப்படியே பேங்கில் வைத்திருந்தாள். உறையூரில் வாடகை வீடு, வாசலில் நந்தியாவட்டை. "உனக்குத் தெரியும் தம்பி, நீயே பாத்துப் போட்டுடு" என்றாள் மங்கை அக்கா. மங்கையர்க்கரசி என்று எழுதி எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள், ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. அவர் பேசிக்கொண்டிருந்தார். சென்செக்ஸ் இருபத்தோராயிரம், இந்த நாடு எங்கேயோ போகப் போகிறது, ரோடு, பாலம், மின்சாரம், பத்து வருஷத்துக்கு யாராலும் தடுக்க முடியாது. சுகந்தி அடுக்களையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது லட்சத்தை எட்டாகப் பிரித்தார், அதில் அவருக்குப் பெருமை உண்டு, ஒரே இடத்தில் கொட்டுகிற ஏஜெண்டு இல்லை அவர். எட்டு ஃபண்டு, எட்டுப் பெயர், எட்டு நிறத்தில் விண்ணப்பம். ஜனவரி மூன்றாம் வாரம் சந்தை விழுந்தபோதுதான் எட்டும் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு விழுந்தன. எட்டும் ஏறக்குறைய அதே கம்பெனிகளைத்தான் வாங்கி வைத்திருந்தன, பெயர்தான் எட்டு. இது அவருக்கு அப்போது தெரியாதா? தெரியும். படித்தவர், பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். தெரியும், ஆனால் ஏறுகிற காலத்தில் அதை யார் நினைத்தார்கள், பெரிய பெரிய ஆட்களே நினைக்கவில்லை, அமெரிக்காவில் பேங்கே மூழ்கியது. இது சமாதானம். இந்தச் சமாதானம் நன்றாகப் பழகியது, கூட்டங்களில் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்டது.

ஜூலையில் அக்கா போன் செய்தாள். அந்த போன். அப்போது அவர் காரில், மதுரை ரோட்டில், ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், ஜன்னல் இறக்கி இருந்தது, காற்று. "தம்பி, அந்தப் பணத்தை எடுக்கணும்பா." "இப்பவா? இப்ப எடுத்தா நஷ்டம் அக்கா. ஒன்பது அஞ்சே காலா நிக்குது. ரெண்டு வருஷம் பொறு, கண்டிப்பா வந்துரும்." காற்றில் விழவில்லையோ என்று, அக்கா, அக்கா என்றார். "ரெண்டு வருஷமா" என்றாள் அவள். "எதுக்கு அவசரம்?" "தேவை இருக்குப்பா." பிறகு படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனவர் உட்காரக்கூட இல்லை, ஏதோ கோபம், தான் சொன்னதைக் கேட்கவில்லை என்று. ஐந்தே கால் லட்சம். ஆகஸ்டில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, சுகந்தி லேப் டெக்னீசியன் கோர்ஸ் சேர்ந்திருக்கா என்றாள் அக்கா, வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல். "கவுன்சலிங்ல டாக்டருக்குக் கிடைச்சுது. தனியார் காலேஜு, காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கம். ரொம்பத் தூரம், பொம்பளைப் பிள்ளையைத் தனியா விட மனசில்ல, வேணாம்னுட்டோம்." தூரம். அவர் அந்தத் தூரத்தை அப்படியே வாங்கிக்கொண்டார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆமாம் அக்கா, தூரம்தான் என்றார். வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஃபீஸ், ஐந்து வருஷம், ஒன்பது லட்சம் முழுசாக இருந்து பென்ஷனும் சேர்ந்தால் தட்டுத் தடுமாறி முடிந்திருக்கும், ஐந்தே காலில் முடியாது, கடன் என்றாலே அக்காவுக்குக் கை நடுங்கும், இந்தக் கணக்கைப் பந்தியில் உட்காருவதற்குள் அவர் மனசுக்குள் போட்டு முடித்துவிட்டார். போட்டுவிட்டு, அவியல் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

அவள் சொல்லியிருக்கலாம். எதுக்குத் தேவை என்று கேட்டாரே, கேட்டார்தானே, படிப்புக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார். பரணியின் டெபாசிட் இருந்தது. ஆறு லட்சம், பேங்கில், பத்திரமாக. மகன் அப்போது பத்தாவது. அவன் எந்த வருஷம் எந்த மாதம் காலேஜ் போவான் என்று கணக்குப் போட்டு, அந்த ஜூனில் முதிர்கிற மாதிரி, பங்குச் சந்தைப் பக்கமே காட்டாமல் போட்டு வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்குள் வேண்டிய பணத்தைச் சந்தையில் போடக் கூடாது. முதல் பாடம். தன் மகனுக்கு என்றால் தெரிந்த பாடம். தண்ணீர் குடிக்கலாமா, சாப்பிட்ட பிறகு எடுக்கிற ரத்தத்துக்குத் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். கூடத்து மூலையில் கேன் இருந்தது. காகிதக் கோப்பையில் பிடித்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தார். அக்கா சொல்லவில்லை, அதுதான் விஷயம். முதலீடு செய்கிறவர் தன் தேவையைச் சொல்ல வேண்டும், டாக்டரிடம் சொல்கிற மாதிரி. இதைக் கட்டுரையாகவே எழுதினார். இரண்டாயிரத்துப் பதினாலில், தேர்தல் முடிந்து சந்தை துள்ளிக்கொண்டிருந்த சமயம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அவசரப்பட்டு விற்றார், பொறுத்திருந்தால் இன்று பன்னிரண்டு லட்சம், பொறுமையில்லாத முதலீட்டாளர் என்று தலைப்பு, மேலே அவர் போட்டோ. நல்ல வரவேற்பு, நாலு பேர் கடிதம் போட்டார்கள். அந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போனபோது அந்தப் பத்திரிகை மேஜைமேல் இருந்தது. திறந்து, முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அக்கா காபி கொண்டுவந்து அதன்மேலேயே வைத்தாள். "சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், குடி" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. யாருமே. அவர் ஜோசியரா. அந்த வீட்டில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், அக்கா, சுகந்தி, அவர், மூன்றே பேர். அக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சுகந்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இல்லை, உடனே போகவில்லை. நின்றாள். நின்றாள் என்பது எப்படித் தெரிகிறது என்றால், அவளுடைய கால், வெறும் கால், கொலுசு இல்லாத கால், விண்ணப்பங்கள் பரப்பியிருந்த பாய்க்கு ஓரமாக ஓர் எட்டு நிமிடம், எட்டு என்ன, அரை நிமிடம் இருக்கும், நின்றது. பாவாடை ஓரத்தில் மசி. அவர் அமெரிக்காவில் வீட்டுக் கடன் தகராறு நம்மைத் தொடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கால் நின்றுகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தார். ஏன் நிமிர்ந்தார்? கூப்பிட்டாள், மாமா என்றாள். மாமா என்றால் அதற்குப் பின்னால் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், வெறுமனே மாமா என்று யாரும் கூப்பிட்டு நிறுத்துவதில்லை. வேண்டாம். இது போதும். தொலைக்காட்சியில் ஓடுகிற எழுத்தைப் படிப்போம், வெள்ளி விலை, கிலோவுக்கு, பெட்ரோல் மாற்றமில்லை. மாமா, நான் பிளஸ் டூ. அப்படித்தான் சொன்னாள். கையிலே விலங்கியல் புத்தகம், விரலை உள்ளே வைத்து மூடிய புத்தகம். மாமா, நான் பிளஸ் டூ, இந்த வருஷமே காலேஜ் சேரணும். தெளிவாக, ஒப்பிக்கிற மாதிரி, மூச்சு விடாமல். அவர் கேட்டார். காதில் விழுந்தது, உள்ளே இறங்கியது, உள்ளே ஓர் இடத்தில் அந்தப் பாடம், மூன்று வருஷத்துக்குள் வேண்டிய பணம், லேசாகத் தலையைத் தூக்கியது, அதுவும் நினைவிருக்கிறது, ஐயோ, அதுவும் நினைவிருக்கிறது. எட்டு விண்ணப்பமும் பூர்த்தியாகிவிட்டது, திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டும், கூட்டத்துக்கு நேரமாகிறது, சந்தைதான் ஏறிக்கொண்டே இருக்கிறதே, ஆறு மாதத்தில் என்ன ஆகிவிடும். "அப்படியா, ஜமாய்ச்சுடு" என்றார். ஜமாய்ச்சுடு என்று சொல்லி அவள் தலையில் லேசாகத் தட்டினார். கால் திரும்பி அடுக்களைக்குப் போனது. பதினேழு வருஷம் இந்த ஒரு வார்த்தையை எங்கே வைத்திருந்தார், எதன் அடியில். காகிதக் கோப்பை கையில் கசங்கித் தண்ணீர் வேட்டியில் ஊற்றியது. எதிர் வரிசையில் இருந்த அம்மா, "சார், மயக்கமா வருதா?" என்று கேட்டாள். இல்லம்மா, ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று இரண்டாம் தடவையும் சொன்னார், அவள் பார்வையை எடுத்த பிறகு.

பத்து பத்துக்குச் சரியாகக் கூப்பிட்டாள். அதே நாற்காலி, இந்தத் தடவை இடது கை. இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். முப்பத்துநாலு வயது, கண்ணுக்குக் கீழே கருமை, காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிற முகம். அதில் பரீட்சை வைக்கிற பாவனை ஒன்றுமில்லை. "யோசிச்சீங்களா மாமா?" என்றாள்.

"அந்தப் பணம் உனக்கு எப்போ வேணும்?"

"அடுத்த வருஷம் ஜூன்குள்ள. உறையூர்லயே ஒரு கடை காலியாகுது. சொந்தமா ஒரு கலெக்‌ஷன் சென்டர் வச்சிடலாம்னு. எத்தனை நாளைக்கு இன்னொருத்தர் லேப்ல குத்திக்கிட்டே இருக்குறது."

"அப்போ எதுலயும் போடாதே. பேங்க்ல ஜூனுக்கு முன்னாடி முடியுற மாதிரி டெபாசிட் போடு. வட்டி கம்மிதான், போகட்டும். உன் தேதிக்குப் பணம் முழுசா கையில இருக்கணும்."

அவள் சிரித்தாள். "இவ்வளவுதானா? இதை என் ஃப்ரெண்டே சொன்னா. நீங்க ஏதாவது பெருசா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"சுகந்தி." பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தடவினார். ரப்பர் பட்டையை எடுத்தவள் நிறுத்தினாள். "அன்னைக்கு நான் ஃபாரம் எல்லாம் எழுதிக்கிட்டிருந்தப்போ நீ வந்து எங்கிட்ட சொன்னே. பிளஸ் டூ படிக்கிறேன், இந்த வருஷமே சேரணும்னு. எனக்குக் கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு. யாரும் சொல்லலை, யாரும் சொல்லலைன்னு இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்."

சுகந்தி பட்டையைக் கட்டினாள். விரல் நரம்பைத் தேடியது, கண்டுபிடித்தது, அப்படியே நின்றது. "அம்மாதான் சொல்லச் சொன்னாங்க மாமா" என்றாள், கையைப் பார்த்துக்கொண்டே. "கையெழுத்துப் போட உட்காருறதுக்கு முன்னாடியே அடுப்படில வந்து எங்கிட்ட சொன்னாங்க. பணத்தைப் பத்தித் தம்பிகிட்ட கேள்வி கேட்டா நம்பாத மாதிரி இருக்கும், நீ தண்ணி கொண்டுபோய் வச்சுட்டு, நான் பிளஸ் டூன்னு மட்டும் சொல்லு, அவன் கெட்டிக்காரன், புரிஞ்சுக்குவான்னு. நான் உள்ள நாலு தடவை சொல்லிப் பாத்துட்டு வந்தேன்."

ஊசி ஏறியது. வலிக்கவில்லை. வலித்தால் தேவலை என்றிருந்தது.

"அப்புறம் ஏன் அக்கா ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூட..."

"நானும் கேட்டிருக்கேன். நீங்க பத்திரிகைல எழுதினீங்களே, அன்னைக்குப் பெரிய சண்டை எங்க ரெண்டு பேருக்கும். போன் பண்ணிக் கேக்கப் போறேன்னு நான் எந்திரிச்சுட்டேன். அம்மா போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. கேட்டா அவன் வர்றதை நிறுத்திடுவான்டி, படிப்பும் போச்சு, எனக்குன்னு இருக்குற ஒருத்தனும் போயிடணுமான்னாங்க." குழாயை மெல்ல மேலும் கீழும் சாய்த்து வைத்தாள். "நான் அப்புறம் கேக்கலை. எனக்கு இந்த வேலை பிடிக்கும் மாமா, அது நிஜம். அதுக்காக நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க." சொல்லிவிட்டு அவள் திரும்பி ஸ்டிக்கரில் பெயரை எழுதத் தொடங்கினாள்.

நான் ஏன்மா நிறுத்தப் போறேன், அவ என் அக்கா இல்லையா என்று சொல்ல வேண்டும். நாக்கு வரை வந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் அந்தத் தொலைபேசி வந்திருக்கக்கூடிய சாயங்காலத்தைப் பார்த்தார், அலுவலக அறையில் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருக்கும் தன்னைப் பார்த்தார், மறுமுனையில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் குரலைக் கேட்டார். என்ன சொல்லியிருப்பார்? கோபப்பட்டிருப்பார். எனக்கா புத்தி சொல்றே என்றிருப்பார். அந்தத் தீபாவளிக்குச் சேலையை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்பார், அடுத்த தீபாவளிக்கு அதுவும் இல்லை, பிறகு கல்யாண வீடுகளில் வேறு வேறு பந்தி. ஒவ்வொன்றும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, நடந்து முடிந்ததுபோல. அக்கா அதை முழுசாகப் பார்த்துவிட்டாள், பார்த்து, மகளின் படிப்பைப் பற்றி வாயை மூடிக்கொண்டு, வருகிறவனுக்குக் காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது மாமா, எந்திரிக்கலாம்" என்றாள் சுகந்தி. வாசலில் அடுத்த டோக்கன்காரர் வந்து நின்றுவிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. "ஒரு நிமிஷம்மா" என்றார்.

"சாயங்காலம் அக்கா வீட்டுலதான் இருப்பாளா?"

"அம்மா எங்க போகப் போறாங்க. முட்டி வலி." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியலை" என்றார் தெய்வநாயகம்.